பன்னிரண்டு ஞாயிற்றுக்கிழமைகள்

கீழச் சித்திரை வீதி, ஸ்ரீரங்கம்
10.6.2024

அன்புள்ள அப்பாவுக்கும் அம்மாவுக்கும் கமலினி சேவித்து எழுதிக்கொண்டது. இங்கே அவரும் நானும் சௌக்கியம். புனே மழை அம்மாவின் முழங்காலுக்கு ஒத்துக்கொள்கிறதா? அப்பா, காதுக்கு வாங்கிய மெஷினை நீங்கள் கழற்றி டிராயரில் போட்டுவிட்டதாகத் தம்பி பிரஹலாத் சொன்னான். போனில் நான் கத்த, நீங்கள் பாதியைக் கேட்டுவிட்டு மீதியை ஊகித்துக்கொள்ள, அது சரிப்படவில்லை. அதனால் இனிமேல் எழுதிவிடுகிறேன்.

நம் மன்னார்புரம் லாண்டரி ஷெட்டுக்கு நல்ல செய்தி. இருநூறு படுக்கை உள்ள ஒரு ஆஸ்பத்திரி, விரிப்பு, தலையணை உறை எல்லாவற்றையும் நம்மிடம் வெளுக்கப் போடச் சம்மதித்திருக்கிறது. ஆனால் அவர்கள் ஆபீசில் சில காகிதங்கள் கேட்கிறார்கள். அதில் ஒன்று ஓவர்டைம் பதிவேடு. எட்டு மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கினால் இரண்டு மடங்கு கூலி கொடுத்து, கையெழுத்து வாங்கி வைத்திருக்க வேண்டுமாம். நம்மிடம் அப்படி ஒன்று இல்லை. மூன்று வருஷம் முன்பு நீங்கள் சாவியைக் கொடுத்தபோது சொன்னபடியே, கூடுதல் மணிக்கு நாற்பது ரூபாயும் சாயங்கால டிபனும் கொடுத்துவருகிறேன். அந்த நாற்பது எந்தக் கணக்கில் வந்தது?

பழைய வருகை நோட்டுகளையும் புரட்டினேன். 2012 நோட்டில் மூக்கன் என்ற பெயருக்கு நேரே பதினோரு ஞாயிற்றுக்கிழமை குறித்திருக்கிறது. பிறகு பெயரே அடிக்கப்பட்டிருக்கிறது. லாட்ஜ் விரிப்புகளைத் திருடியதாகச் சொல்வீர்களே, அந்த மூக்கன்தானா?

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கமலினி

*

புனே
19.6.2024

ஸ்ரீ:

சௌபாக்கியவதி கமலினிக்கு அப்பாவின் அநேக ஆசீர்வாதம். பெருமாள் கிருபையில் இங்கே எல்லோரும் க்ஷேமம். மாப்பிள்ளையை விசாரித்ததாகச் சொல்லவும்.

ஆஸ்பத்திரி ஆர்டர் கிடைத்தது ரங்கநாதன் அனுக்கிரகம். நாற்பது ரூபாய்க்குக் கணக்கு என்ன என்று கேட்டிருக்கிறாய். கணக்கு ஒன்றும் இல்லை. முதலில் பதினைந்து கொடுத்தேன், பிறகு இருபத்தைந்து, பிறகு நாற்பது. யாரும் குறை சொன்னதில்லை. வீரம்மாள் பெண் கல்யாணத்துக்குப் பத்தாயிரம் கொடுத்தேன், திருப்பிக் கேட்கவில்லை. அழகிரிக்குக் குடல் ஆபரேஷன் என்றபோது நானே போய்ப் பணம் கட்டினேன். இதெல்லாம் எந்தப் பதிவேட்டிலும் இருக்காது.

காகிதம்தானே கேட்கிறார்கள்? கணக்கர் ஸ்டீபன்ராஜிடம் சொல். முறைப்படி எழுதிக் கொடுத்துவிடுவார். எல்லா இடத்திலும் நடப்பதுதான்.

அம்மாவுக்கு முழங்கால் வலி குறைவு. மாடி ஏற வேண்டாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார்.

இப்படிக்கு,
யதிராஜன்

*

ஸ்ரீரங்கம்
2.7.2024

அன்புள்ள அப்பாவுக்கு கமலினி சேவித்து எழுதிக்கொண்டது. எல்லோரும் சௌக்கியம்.

நீங்கள் சொன்னபடி ஸ்டீபன்ராஜ் மூன்று வருஷத்துக்கும் பதிவேடு எழுதிக் கொடுத்துவிட்டார். நேற்று முதல் கையெழுத்து வாங்கிக்கொண்டிருக்கிறேன். ஆஸ்பத்திரி வண்டி தினம் இரண்டு முறை வருகிறது. ஷெட்டில் நிற்க இடமில்லை.

வேறு விசேஷம் இல்லை. அம்மாவை மாடி ஏறவிடாதீர்கள்.

கமலினி

*

புனே
9.7.2024

ஸ்ரீ:

சௌபாக்கியவதி கமலினிக்கு ஆசீர்வாதம். உன் கடிதம் கண்டு நிம்மதி. இத்தனை சுருக்கமாக நீ எழுதியதில்லை, வேலை அதிகம் என்று புரிகிறது. ஸ்டீபன்ராஜுக்கு ஒரு வேஷ்டி வாங்கிக் கொடு.

இங்கே மழை நின்றபாடில்லை. துணி காய்வதே இல்லை. நம் ஷெட்டில் இருக்கும் டிரையர் இங்கே இருந்தால் தேவலை என்று அம்மா சிரிக்கிறாள். புது டிரையருக்கு நீ சேர்த்துவைத்திருப்பதை இந்த வருஷமே வாங்கிப் போட்டுவிடு. விலை ஏறிக்கொண்டே போகும்.

யதிராஜன்

*

ஸ்ரீரங்கம்
8.8.2024

அன்புள்ள அப்பாவுக்கு கமலினி சேவித்து எழுதிக்கொண்டது. நாங்கள் சௌக்கியம். ஒரு மாதமாக எழுதாமல் இருந்ததற்குக் காரணம் வேலை இல்லை. எழுத வெட்கமாக இருந்தது.

அந்தப் பதிவேட்டில் கையெழுத்து வாங்க உட்கார்ந்த அன்றே நடந்ததை உங்களிடம் மறைத்துவிட்டேன். முதலில் தைரியராஜ் போட்டார், அழகிரி போட்டார். வீரம்மாள் மட்டும் பேனாவை வாங்கிக்கொண்டு, எண்களை விரல் வைத்துப் படித்தாள்.

"மணிக்கு நூத்தி இருவத்தஞ்சுன்னு எழுதியிருக்கே பாப்பா. இது நாங்க வாங்குனதா, வாங்க வேண்டியதா?"

ஒரு ஃபார்மாலிட்டி என்று சொன்னேன். அவள் சண்டை போடவில்லை. "சரி, நீ சொன்னா சரி" என்று போட்டுவிட்டு மடிக்கிற மேஜைக்குப் போனாள். அன்று முழுக்க என் முகத்தை அவள் பார்க்கவில்லை.

நானே கணக்குப் போட்டேன். அவள் சம்பளம் பதிமூன்றாயிரம். இருபத்தாறு நாள், எட்டு மணி நேரம் என்று வகுத்தால் மணிக்கு அறுபத்திரண்டரை. இரண்டு மடங்கு நூற்றிருபத்தைந்து. நாம் கொடுப்பது நாற்பது. அதாவது, காலையில் தெம்பாக இருக்கும்போது செய்கிற வேலைக்கு அறுபத்திரண்டு. எட்டு மணி நேரம் நின்ற காலோடு செய்கிற வேலைக்கு நாற்பது. எம்.காம். படித்து மூன்று வருஷம் முதலாளியாக இருந்தும் இந்த வகுத்தலை நான் ஒருநாளும் போட்டுப் பார்க்கவில்லை.

ஆடிப்பெருக்குக்கு லாட்ஜ் எல்லாம் நிரம்பி வழிந்தது. நாலு நாள் எல்லோரும் பதினோரு மணி நேரம் நின்றார்கள். அதற்கு மேல் என்னால் முடியவில்லை. அந்தப் பதிவேட்டைக் கிழித்துவிட்டு ஆஸ்பத்திரி மேனேஜரிடம் நேரே போய், "பழையதுக்கு என்கிட்ட கணக்கு இல்லை சார். ஜூலை முதல் உண்மையான கணக்கு தரேன்" என்று சொன்னேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, "எல்லாரும் கொடுக்கிற மாதிரி நீங்களும் ஒண்ணு கொடுத்திருக்கலாமே மேடம்" என்றார். இரண்டு வருஷ ஒப்பந்தம் ஆறு மாதமாகிவிட்டது.

நான் முடிவு செய்தது இது. ஜூலை முதல் இரண்டு மடங்கு. என் பொறுப்பில் இருந்த மூன்று வருஷத்துக்கும் பாக்கியைக் கொடுத்துவிடப் போகிறேன். வருகை நோட்டில் நேரம் இருக்கிறது, அதனால் கணக்குக் கிடைத்தது. ஒன்பது பேருக்கும் சேர்த்து நாலு லட்சத்து முப்பத்தேழாயிரம். டிரையர் பணம் அதற்குப் போகும்.

இன்னொன்று. பாக்கி பற்றிச் சொன்னபோது வீரம்மாள் சொன்னாள், "மூக்கனும் இதைத்தான் கேட்டான். கேட்ட வாரமே திருடனாயிட்டான்." ஜூனில் நான் கேட்டதற்கு நீங்கள் பதில் எழுதவில்லை. மறுபடியும் கேட்கிறேன்.

கமலினி

*

புனே
14.8.2024

கமலினிக்கு,

உன் கடிதத்தை பிரஹலாத் மனைவி ஸ்ம்ருதிகூடப் படித்தாள். அவள் முன்னால் தலை குனிய வேண்டியதாயிற்று.

நான் யாரையும் ஏமாற்றிப் பிழைக்கவில்லை. சொசைட்டிக் கடனில் ஒரு வாஷிங் மெஷின் வாங்கி, நானே சைக்கிளில் மூட்டை கட்டி ஆரம்பித்த தொழில் அது. ஓவர்டைம் என்று எனக்கு யாரும் கொடுத்ததில்லை. ஒன்பது குடும்பத்துக்கு முப்பது வருஷம் தீபாவளித் துணி எடுத்தேன். பள்ளிக்கூடம் திறந்தால் ஃபீஸ் கொடுத்தேன். என் வாசலில் வந்து நின்று வெறுங்கையோடு போனவன் கிடையாது. இன்றைக்கு நீ ஒரு வகுத்தல் கணக்குப் போட்டு என்னை அநியாயக்காரன் ஆக்கிவிட்டாய்.

சாவி உன்னிடம் இருக்கிறது. டிரையரை விற்கிறாயோ, ஷெட்டையே விற்கிறாயோ, உன் இஷ்டம். பழைய ஆட்களைப் பற்றி என்னிடம் கேட்காதே.

யதிராஜன்

*

ஸ்ரீரங்கம்
1.9.2024

அன்புள்ள அப்பாவுக்கு கமலினி சேவித்து எழுதிக்கொண்டது. நீங்கள் கோபமாக இருந்தாலும் பிபி மாத்திரையை நிறுத்த வேண்டாம்.

நீங்கள் கொடுத்ததை நான் மறுக்கவில்லை. வீரம்மாளும் மறுக்கவில்லை. முதல் தவணை கொடுத்த அன்று உங்களைப் பற்றி அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "சாமி நிறையக் குடுத்தாரு பாப்பா. ஒவ்வொரு தடவையும் வாசல்ல நின்னு கேட்டு வாங்குனோம். இது கேக்காம வருது." கவரை எண்ணிப் பார்க்காமல் இடுப்பில் செருகிக்கொண்டு, உடனே எடுத்து எண்ணிவிட்டுச் சிரித்தாள். ஸ்டீபன்ராஜ்தான் புதுப் பதிவேடு எழுதுகிறார். "உள்ளதை உள்ளபடி எழுதித்தரச் சொல்லி யாரும் என்கிட்ட வந்ததில்லைங்க" என்றார். வேஷ்டி வாங்கிக் கொடுத்தேன்.

சிரமம் இல்லாமல் இல்லை. விலை ஏற்றியதும் ஜங்ஷன் பக்கத்து லாட்ஜ் ஒன்று கணக்கை முடித்துக்கொண்டது. மாலையில் கூடுதல் நேரம் வேண்டாம் என்று இரண்டு பேரைப் புதிதாக எடுத்து, வேலையைப் பிரித்துவிட்டேன். ஓ.டி. குறைகிறதே என்று தைரியராஜுக்கு வருத்தம். எல்லோரையும் சந்தோஷப்படுத்த முடியவில்லை. ஆனால் இப்போது யார் எத்தனை மணி நேரம் நிற்கிறார் என்று எனக்குத் தெரியும்.

நீங்கள் கேட்காதே என்று சொன்னதால் உங்களைக் கேட்கவில்லை. மூக்கனையே கேட்டேன்.

அழகிரிதான் வீட்டைக் காட்டினார். உறையூரில், பஸ் ஸ்டாப்பிலிருந்து உள்ளே மூன்றாவது சந்து. அங்கே ஒரு அபார்ட்மெண்டில் வாட்ச்மேனாக இருக்கிறார். ஐம்பத்தைந்து வயதுதான், அதைவிடக் கூடத் தெரிகிறது. நான் யாரென்று சொன்னதும் எழுந்து நின்றார். நாற்காலியை என் பக்கம் தள்ளினார்.

"ஞாயித்துக்கிழமைக்கு அம்பது ரூபா குடுத்தாங்கம்மா. நாள் சம்பளமே எரநூறு. ஞாயித்துக்கிழமை கூப்பிட்டா டபுள்னு ஒரு நோட்டீஸ்ல படிச்சேன். சனிக்கிழமை சாமிகிட்ட கேட்டேன், மத்தவங்களும் நின்னாங்க. திங்கக்கிழமை லாட்ஜ்ல நாப்பது விரிப்பு கொறையுதுன்னாங்க. சாமி எல்லாரையும் கூப்பிட்டு வெச்சு என் பேரைச் சொன்னாரு."

அதன்பின் திருச்சியில் எந்த லாண்டரியிலும் அவரைச் சேர்க்கவில்லையாம். மார்க்கெட்டில் எட்டு வருஷம் மூட்டை தூக்கியிருக்கிறார்.

நான் பணம் கொண்டுபோயிருந்தேன். பதினோரு ஞாயிறு என்றேன். "பன்னெண்டு" என்றார். "கடைசி ஞாயிறு நோட்டுல ஏறலை." அதையும் சேர்த்துக் கணக்குப் போட்டேன். நாள் ஒன்றுக்கு நானூறு, கொடுத்தது ஐம்பது, பாக்கி நாலாயிரத்து இருநூறு. அவர் கவரைத் தொடவில்லை.

"பணம் அப்புறம் இருக்கட்டும்மா. நான் எடுக்கலைன்னு சாமி சொல்லட்டும்."

அப்பா, நாற்பது விரிப்பை யார் எடுத்தார்கள்?

கமலினி

*

புனே
22.9.2024

என் கண்ணு கமலினிக்கு அம்மா ஆசீர்வாதம். நான் கடிதம் எழுதிப் பல வருஷம் ஆகிறது, எழுத்து கோணலாக இருக்கும். என் முழங்கால் பரவாயில்லை. அப்பாதான் சரியில்லை. உன் கடிதம் வந்த நாள் முதல் இரண்டு வேளை சாதம் ஒரு வேளையாகிவிட்டது. லெட்டர் பேடை எடுத்துக்கொண்டு உட்காருகிறார், நாலு வரி எழுதுகிறார், கிழிக்கிறார். உன்னைத் திட்டவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

அவர் எழுதமாட்டார் என்றால் உனக்குப் பதில் கிடைக்காமலே போய்விடும். அதனால் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். மூக்கன் போன பத்தாம் நாள் ஆத்துக்கு டெலிபோன் வந்தது. நான்தான் எடுத்தேன். லாட்ஜ் மேனேஜர், விரிப்பெல்லாம் மேல் மாடி ரூமிலேயே இருந்தது, பெயிண்ட் அடிக்கும்போது அடுக்கி வைத்துப் பூட்டிவிட்டோம், மன்னிக்கணும் என்றார். அப்பாவிடம் சொன்னேன். "சரி" என்றார். அதற்கு மேல் அவர் பேசவில்லை. நானும் கேட்கவில்லை.

இதை நான் எழுதியது அவருக்குத் தெரியாது.

வேதவதி

*

புனே
9.10.2024

ஸ்ரீ:

சௌபாக்கியவதி கமலினிக்கு அப்பாவின் ஆசீர்வாதம். தாமதத்துக்கு மன்னிக்கவும்.

விரிப்பை யாரும் எடுக்கவில்லை. லாட்ஜிலேயே இருந்தது. அது எனக்கு அப்போதே தெரியும்.

அந்தச் சனிக்கிழமை மூக்கன் கேட்டது தப்பான கேள்வி இல்லை. மரியாதையாகத்தான் கேட்டான். ஆனால் அவன் பின்னால் எட்டு பேர் கையைத் துடைத்துக்கொண்டு என் பதிலுக்காக நின்றார்கள். அவனுக்குச் சரி என்றால் ஒன்பது பேருக்கும் சரி என்றாக வேண்டும். எனக்குக் கோபம் வந்தது. இத்தனை செய்தவனைக் கணக்குக் கேட்கிறார்களே என்ற கோபம். திங்கட்கிழமை விரிப்பு குறைகிறது என்று சொன்னபோது, தேட வேண்டும் என்றே எனக்குத் தோன்றவில்லை. அவன் பெயர் வாயில் தயாராக இருந்தது.

உண்மை தெரிந்தபிறகு, அவன் வேறு எங்காவது சேர்ந்திருப்பான் என்று சொல்லிக்கொண்டேன். ஒரு லாண்டரிக்காரர் போன் பண்ணி, ஆள் எப்படி என்று விசாரித்தார். நான் ஒன்றும் சொல்லவில்லை. அந்த மௌனத்தை அவர் புரிந்துகொண்டார். நாலாயிரத்து இருநூறு ரூபாய் என்று எழுதியிருந்தாய். அந்தத் தொகையை நான் பல தடவை படித்தேன்.

அவனுக்குக் கடிதம் எழுதி உன்னிடம் அனுப்பலாம் என்று பத்துப் பக்கம் வீணாக்கினேன். தபாலில் அனுப்பினால் அவன் ஒருவன்தான் படிப்பான். நான் சொன்னது எட்டு பேர் நடுவில். அதே இடத்தில் நின்றுதான் திருப்பிச் சொல்ல வேண்டும். பிரஹலாத் டிக்கெட் எடுத்துவிட்டான். இருபதாம் தேதி திருச்சிக்கு வருகிறேன். அம்மாவால் அவ்வளவு தூரம் உட்கார முடியாது, இங்கேயே இருப்பாள். மூக்கன் வருவானா என்று கேட்டு வை. வரமாட்டேன் என்றால் நான் போகிறேன்.

யதிராஜன்

*

ஸ்ரீரங்கம்
23.10.2024

அன்புள்ள அம்மாவுக்கு கமலினி சேவித்து எழுதிக்கொண்டது. அப்பா சௌக்கியமாக வந்து சேர்ந்தார். பிரஹலாத் விட்டுவிட்டு மறுநாளே கிளம்பிவிட்டான். இரண்டு வேளையும் சாப்பிடுகிறார், கவலை வேண்டாம். நடந்ததைப் போனில் சொல்ல எனக்கு மனசில்லை. அதனால் எழுதுகிறேன்.

திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு எல்லா மெஷினையும் நிறுத்தினேன். அன்றைக்கு இருந்தவர்களில் இப்போது இருப்பவர்கள் வீரம்மாள், அழகிரி, தைரியராஜ் மூன்று பேர்தான். புதியவர்களும் நிற்கட்டும் என்று அப்பா சொல்லிவிட்டார். மூக்கன் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தார். உள்ளே வரவில்லை, ஷெட் வாசலிலேயே நின்றார்.

அப்பா காகிதம் எழுதிக்கொண்டு வந்திருந்தார். அதை மடித்துப் பையில் வைத்துவிட்டு, பார்க்காமலே சொன்னார்.

"மூக்கன் விரிப்பு எடுக்கலை. யாரும் எடுக்கலை. அது எனக்குப் பத்து நாள்லயே தெரியும். தெரிஞ்சும் சொல்லலை. அவன் ஞாயித்துக்கிழமை கூலி கேட்டான், அதனால அவனைத் திருடன்னேன்."

வீரம்மாள் மூக்கனைப் பார்த்துத் தலையை ஆட்டினாள். மூக்கன் ஏதோ சொன்னார். அப்பாவுக்குக் கேட்கவில்லை. என்ன சொல்கிறான் என்று என்னைப் பார்த்தார். டெலிவரி ஸ்லிப்பின் பின்பக்கம் எழுதிக் கொடுத்தேன்: 'இங்கே சொன்னது சரி. எங்கள் தெருவில் யாருக்கும் இது தெரியாதே.'

அப்பா படித்துவிட்டு, "ஆட்டோ கூப்பிடு" என்றார்.

உறையூருக்கு நாங்கள் மூன்று பேரும் ஒரே ஆட்டோவில் போனோம். சந்துக்குள் ஆட்டோ நுழையாது, அப்பா என் தோளைப் பிடித்துக்கொண்டு நடந்தார். மூக்கன் வீட்டு வாசலில் நின்று அதே வார்த்தைகளை மறுபடி சொன்னார். காது கேட்காததால் உங்களுக்கே தெரியும், எவ்வளவு உரக்கப் பேசுகிறார் என்று. தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தவர்கள் குடத்தை வைத்துவிட்டு வந்தார்கள். ஒருவர் புரியவில்லை என்று கேட்க, மூன்றாம் தடவையும் சொன்னார்.

மூக்கன் மனைவி வள்ளிக்கண்ணு உள்ளேயிருந்து வந்து எல்லாவற்றையும் கேட்டாள். அவள் அழவில்லை, திட்டவில்லை. அப்பாவிடம் நேராகச் சொன்னாள்.

"எங்க மாமனார் நெஞ்சுவலியில கெடந்தப்ப, இவரு மருந்து வாங்கிட்டு வந்தா குடிக்கமாட்டாருங்க. திருட்டுக் காசுல வாங்குனதுன்னு மூஞ்சியத் திருப்பிக்குவாரு. நான் வாங்குனேன்னு பொய் சொல்லித்தான் குடுப்பேன். அவரு போயி ஒம்பது வருசம் ஆவுது."

அப்பா என்னைப் பார்த்தார். இதை எழுதிக் கொடுக்கலாமா, வேறு ஏதாவது எழுதிவிடலாமா என்று ஒரு நிமிஷம் நின்றேன். வயசானவர், இவ்வளவு தூரம் வந்துவிட்டார், போதுமே என்றிருந்தது. ஆனால் இல்லாததை எழுதி ஒரு முறை பட்டாயிற்று. அவள் சொன்னதைச் சொன்னபடி எழுதிக் கொடுத்தேன்.

படித்தார். மறுபடியும் படித்தார். "இதுக்கு என்கிட்ட ஒண்ணும் இல்லையேம்மா" என்று அவளிடம் சொன்னார். மூக்கன் உள்ளே போய் நாற்காலியை எடுத்துவந்து அவரை உட்காரவைத்தார். அதற்குப் பிறகுதான் கவரை வாங்கி, எண்ணி, என் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டார். வேலைக்குத் திரும்ப வருகிறீர்களா என்று கேட்டேன். "வேணாம்மா, இங்கயே பழகிட்டேன்" என்றார்.

அப்பா இந்த மாதம் முழுக்க இங்கேயே இருக்கிறேன் என்கிறார். மூக்கனைச் சேர்க்காத லாண்டரிக்காரர்களில் உயிரோடு இருப்பவர்களிடம் போய்ச் சொல்ல வேண்டுமாம். மலைக்கோட்டை பக்கம் ஒருவர் இருக்கிறாராம், நாளைக்கு அங்கே போகிறோம்.

கிளம்பும்போது வள்ளிக்கண்ணு என்னைத் தனியாக நிறுத்தி, "வீட்டம்மாவுக்கு இது அப்பவே தெரியுமா?" என்று கேட்டாள். தெரியும் என்றோ தெரியாது என்றோ நான் சொல்லவில்லை. முழங்கால் சரியானதும் நீங்களே வந்து சொல்வீர்கள் என்று மட்டும் சொல்லியிருக்கிறேன். கீழ் பெர்த்தாகப் பார்த்து டிக்கெட் எடுக்கச் சொல்லி பிரஹலாதிடம் சொல்லிவிட்டேன்.

தைலத்தை மறக்காமல் தேய்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் கமலினி